பிரிவு 27.5 தெரியுமா உங்களுக்கு?

காலையில் திருநின்றவூர் பிளாட்பாரத்தில் நிற்பவர்களின் ரெஸ்யூமை வாங்கிப் பாருங்கள். டிப்ளமோ ட்ரிபிள்-இ, மெயின்டனன்ஸ், பேனல் வயரிங், கொஞ்சம் பி.எல்.சி. காக்களூர் சிட்கோவுக்குப் போகிறவரும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ரெட்ஹில்ஸ் வழியாகப் போகிறவரும் அதையேதான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நின்றால் உங்கள் சம்பளத்தைக் கம்பெனிதான் முடிவு செய்யும். பொருட்களுக்கான ஐ.எஸ். ஸ்டாண்டர்டு படித்தவர்களின் வரிசையில் ஆளே இல்லை. அங்கே போய் நில்லுங்கள்.

அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர், ஸ்விட்ச், பி.வி.சி. வயர் போன்றவற்றை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது என்று 2003-லேயே மத்திய அரசு ஆர்டர் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு பட்டியல் நீண்டுகொண்டேதான் போகிறது. லைசென்ஸ் போனால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். முதலாளிக்கு இந்தப் பயம் இருக்கிறவரை உங்களுக்கு மரியாதை உண்டு.

1. ஒரே ஒரு ஸ்டாண்டர்டை முழுசாகப் படியுங்கள். வீட்டு உபயோகப் பொருட்களுக்கான ஐ.எஸ். 302 பகுதி 1 போதும். சர்வதேச ஸ்டாண்டர்டான ஐ.இ.சி. 60335-1-ஐத் தழுவியது, பிரிவு எண்களும் அதேதான். பிரிவு 27.5-இல் எர்த் கண்டினியூட்டி டெஸ்ட் வருகிறது. 12 வோல்ட்டுக்கு மிகாத சப்ளை. ரேட்டட் கரன்டின் ஒன்றரை மடங்கு அல்லது 25 ஆம்பியர், இரண்டில் எது அதிகமோ அது. எர்த் டெர்மினலுக்கும் கை படும் உலோக பாகத்துக்கும் நடுவே 0.1 ஓம் தாண்டக் கூடாது.

ஒரு இன்டர்வியூவில் நான் இதைக் கேட்டேன். "மல்ட்டிமீட்டர்ல பீப் வந்தா ஓகே சார்" என்றார் ஒருவர். எர்த் வயரின் பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மல்ட்டிமீட்டர் பீப் அடிக்கும்; அது அனுப்புவது மில்லி ஆம்பியர்தான். 25 ஆம்பியரை விட்டால் வண்டவாளம் தெரிந்துவிடும். அடுத்து வந்த பெண் பதில் சொல்வதற்கு முன் எங்களையே கேட்டார்: "கார்டோட ரெசிஸ்டன்ஸைக் கழிச்சிட்டுத்தானே சார் பார்க்கணும்?" ஆமாம், சப்ளை கார்டு அந்தக் கணக்கில் வராது. அவருக்கு அங்கேயே வேலை உறுதி.

2. முத்திரையைப் படிக்கப் பழகுங்கள். மேலே ஐ.எஸ். எண், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண். முத்திரை லைசென்ஸ் தரும் பி.ஐ.எஸ். அமைப்பின் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். பர்ச்சேஸில் இருப்பவர் சப்ளையரின் வயர் காயிலை இறக்குவதற்கு முன் இதைச் செய்தால் ஒரே மாதத்தில் பெயர் வாங்கிவிடலாம்.

3. வரைவுக்குக் கருத்து எழுதுங்கள். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். பி.ஐ.எஸ். ஒரு ஸ்டாண்டர்டைத் திருத்துமுன் வரைவைப் பொதுவில் விடுகிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். பெரிய கம்பெனிகள் இதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. காக்களூரில் இருபது பேர் வேலை செய்யும் ஷெட்டிலிருந்து ஒரு வரி போவதில்லை. பிறகு "எங்களால வாங்க முடியாத டெஸ்ட் மெஷினைக் கட்டாயமாக்கிட்டாங்க" என்று புலம்பல்.

"இது நடைமுறைக்கு ஒத்துவராது" என்று எழுதினால் குப்பைக்குத்தான் போகும். பிரிவு எண், உங்கள் ஆட்சேபம், அதற்குப் பதிலாக வர வேண்டிய வாசகம், காரணம். காரணத்தில் உங்கள் ஷாப் ஃப்ளோர் ரீடிங்கை வையுங்கள். கம்பெனி சார்பில் போனாலும் டிராஃப்ட் செய்தவர் நீங்கள் என்பது எம்.டி.க்குத் தெரியட்டும், சிசி போட மறக்காதீர்கள்.

4. ஸ்டாண்டர்டுகளை நாடுகளுக்கிடையே ஒத்துப்போகச் செய்யும் ஹார்மனைசேஷன் என்றால் உலகம் முழுக்க ஒரே பொருள் என்று நினைக்காதீர்கள். நம் வீட்டு உருண்டைப் பின் பிளக் பிரிட்டனின் பழைய பி.எஸ். 546 வழி வந்தது. பிரிட்டனோ 1947-இல் ஃப்யூஸ் வைத்த செவ்வகப் பின்னுக்கு ஸ்டாண்டர்டு போட்டு மாறிவிட்டது. நாம் ஐ.எஸ். 1293-இல் 6, 16 ஆம்பியர் என்று எழுதிவைத்தோம். கடைக்காரர் இன்னும் "ஃபிஃப்டீன் ஆம்ஸ்" என்கிறார். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே நாடு விலகுகிறது என்று அட்டவணை போடத் தெரிந்தவரைத்தான் எக்ஸ்போர்ட் டீம் தேடும். ஐ.இ.சி. முறையிலான சி.பி. டெஸ்ட் ரிப்போர்ட் கையில் இருந்தாலும் ஐ.எஸ்.ஐ. லைசென்ஸ் தனியாக வேண்டும் என்பதை மார்க்கெட்டிங் ஆட்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

5. பொருள் டெஸ்ட்டில் தோற்றால் மீட்டிங்கில் "ஆபத்து சார்" என்று கத்தாதீர்கள். எத்தனை பீஸ், எந்த பேட்ச், ஹோல்டில் வைத்தால் எவ்வளவு, மார்க்கெட்டிலிருந்து திரும்ப வந்தால் எவ்வளவு என்று பேசுங்கள். செய்யாத டெஸ்ட்டின் ரிஜிஸ்டரில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், யார் சொன்னாலும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு அதிகாரி வரும் நாளில் சூப்பர்வைசர் லீவில் இருப்பார், கையெழுத்து உங்களுடையது.

பி.ஐ.எஸ். இங்கேயே உருவாக்கும் ஸ்டாண்டர்டுகளை அதன் போர்ட்டலில் காசு கொடுக்காமலே இறக்கலாம். வயருக்கு ஐ.எஸ். 694, எர்த்திங்குக்கு ஐ.எஸ். 3043. இன்று ராத்திரி ஒன்றை இறக்கிவிடுங்கள். நாளைக்கு ரயிலில் ரீல்ஸுக்குப் பதில் முதல் பத்துப் பக்கம்.