தூசியைப் பிறந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும்

மே மாதம் பிறந்துவிட்டால் கொட்டகலையில் மரவேலைப் பட்டறையின் கதவைத் திறந்துவைக்க முடியாது. தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை சாய்த்து அடிக்கும். மழை விட்டால் பனிமூட்டம் உள்ளே புகுந்து, காயவைத்த பலகையை நனைக்கும். அதனால் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் எல்லோரும் சாண்டரைப் போடுகிறார்கள். திறந்த வெளியென்றால் காற்று அள்ளிக்கொண்டு போயிருக்கும் தூசி, இங்கே அந்த நான்கு சுவருக்குள்ளேயே சுற்றுகிறது. இந்த மலையில் மெஷின் பிடிக்கிறவர்கள் தூசி விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

காலடியில் குவியும் மரத்தூளைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அது கீழே விழுந்துவிட்டது. பயப்பட வேண்டியது விழாத பொடிக்கு. தலைமயிரின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன். 10 மைக்ரோனுக்குக் குறைந்த பொடி மூக்கையும் தொண்டையையும் தாண்டும். 4 மைக்ரோனுக்குக் குறைந்தது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். இந்த அளவுப் பொடி தரைக்கு இறங்கப் பல மணி நேரமாகும். மெஷினை நிறுத்தி, மாஸ்க்கைக் கழற்றி, தேத்தண்ணி குடிக்கும்போதும் அதைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம்பாதவர்களுக்கு நான் காட்டுவது ஒரு டோர்ச். பொழுது சாய்ந்தபின் லைட்டை அணைத்துவிட்டு, வேலை செய்த மேசைக்கு அந்தப் பக்கம் டோர்ச்சை வைத்து, வெளிச்சம் நேரே கண்ணில் படாமல் ஒரு பலகையால் மறைத்து, இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். பகலில் சுத்தமாகத் தெரிந்த காற்று அப்போது புகையாக நிற்கும். சாண்டரைப் போட்டு மெல்ல நகர்த்தினால், பொடி எந்த ஓரத்தால் தப்பிக்கிறது என்பதுகூடத் தெரியும். தூசிக்கு எதையாவது வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். எங்கே செலவழிக்க வேண்டும் என்பதை அதுவே காட்டிவிடும்.

என் பட்டறையில் அது காட்டியது சாண்டரை. வாள் போடுவது தூள். சாண்டர் போடுவது மாவு. ஆகவே முதலில் வேக்யூம் கிளீனர் குழாயைச் சாண்டரின் வாயில் மாட்டினேன். இரண்டின் அளவும் ஒருநாளும் பொருந்தாது. பழைய மோட்டார் சைக்கிள் டியூப்பில் ஒரு சாண் வெட்டி இரண்டின் மேலும் இழுத்துவிட்டு, கிளிப் போட்டு இறுக்கினால் காற்று கசியாது. சேண்ட் பேப்பரின் துளைகள் சாண்டர் அடித்தட்டின் துளைகளோடு நேராக இருக்க வேண்டும். அரைத் துளை மறைந்தாலே உறிஞ்சுவது குறைந்துவிடும். அவசரத்தில் பேப்பரை ஒட்டும் பொடியன்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்த தொல்லை வேக்யூமின் வடிகட்டி. மாவு அதில் சீக்கிரம் அப்பிக்கொள்ளும், மழைக்காலத்தில் ஈரமும் சேர்ந்து களியாகும். வடிகட்டி அடைத்துவிட்டால் வேக்யூம் சத்தம் மட்டும்தான் போடும். இதற்கு நல்ல வழி, வேக்யூமுக்கும் சாண்டருக்கும் நடுவே மூடியுள்ள 20 லீட்டர் பெயின்ட் வாளி ஒன்றில் சைக்ளோன் கூம்பைப் பொருத்துவது. காற்று அதற்குள் சுழன்று போகும்போது, கனமான தூள் சுவரில் மோதி வாளிக்குள் இறங்கிவிடும். மிக நுண்ணிய பொடி மட்டுமே வடிகட்டிக்குப் போகும். மெல்லிய வாளி வேண்டாம், குழாய் அடைபட்டால் உள்ளே நசுங்கிவிடும். வடிகட்டி ஹெப்பா வகையாக இருக்கட்டும். சாதாரண வடிகட்டி நுண்பொடியைப் பின்பக்கத்தால் திரும்ப அறைக்குள் ஊதிவிடும். பிளேனருக்கும் பெரிய வாளுக்கும் இந்த ஒல்லிக் குழாய் போதாது. அவற்றுக்கு 100 மில்லிமீட்டர் குழாயும், நிறையக் காற்றை இழுக்கும் தனி மெஷினும் வேண்டும். அது இல்லாதவர்கள் அந்த வேலையை மழை விட்ட நேரம் பார்த்து வெளியே செய்வது நல்லது.

மரத்தூள் வாங்கும் வேக்யூமை, இரும்பு தீட்டும் கிரைண்டரில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். ஒரு தீப்பொறி உள்ளே போனால் வாளியில் கிடக்கும் தூள் உள்ளுக்குள்ளேயே கனன்று, பட்டறையைப் பூட்டிக்கொண்டு போனபின் பற்றும்.

மரத்தூள் இயற்கைப் பொருள்தானே, என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 1960களில் இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரில், தளபாடத் தொழிலாளர்களுக்கு அபூர்வமான ஒருவகை மூக்குப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வருவதை எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற மருத்துவர் கவனித்தார். 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளையே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தேயிலைக்கு நிழல் தரும் நம் சவுக்கு மரத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் கொண்டுவரும். பேன்ட்ரி கபர்ட்டுக்கு வாங்கும் எம்.டி.எப். பலகையில் பசையும் சேர்ந்தே பொடியாகிறது.

தோட்டத்து ஆட்களுக்கு இது புதிய கதையும் இல்லை. தேயிலைத் தூசியால் தொழிற்சாலைக்காரர்களுக்கு வரும் இழுப்பைப் பற்றி, சி. ஜி. ஊரகொட என்ற இலங்கை மருத்துவர் 1970இலேயே பிரித்தானியத் தொழில்சார் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். தேயிலை சலிக்கும் அறையில் வேலை செய்த ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், தூசி நெஞ்சை என்ன செய்யும் என்று சொல்வார்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள் வேலை என்றால் இன்னொரு பொறுப்பும் சேரும். பல பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போகாது. இந்த வீட்டில் கிளம்பும் தூசி மேலால் அடுத்த வீட்டில் இறங்கும். அதனால் மெஷினைத் தொடுமுன் பக்கத்து வீட்டுக்குப் போய், "அக்கா, வெட்டப் போறோம். சோத்துப் பானைய மூடிட்டு, புள்ளய கொஞ்சம் வெளிய தூக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவேன். வெட்டுவதை இஸ்தோப்பைத் தாண்டி வெளியே வைத்துக்கொள்வேன். உள்ளேதான் செய்ய வேண்டுமென்றால் வாசலில் நனைத்த படங்கைத் தொங்கவிடுவேன்.

டைல், சீமெந்து புளொக், கருங்கல் எல்லாம் மரத்தைவிடக் கொடியவை. அவற்றிலிருந்து வருவது சிலிக்கா. அது நுரையீரலில் போடும் தழும்பு ஆறாது. பேன்ட்ரிக்கு மேலே போடும் செயற்கைக் கல் பலகையை வெட்டிய இளம் தொழிலாளர்களுக்கு சிலிகோசிஸ் என்ற இந்த நுரையீரல் நோய் வந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. மேசன் பாஸ்மாரிடம் நான் கேட்பது, தண்ணீர் விட்டு வெட்டுங்கள் என்பதுதான். ஆனால் அதற்கென்றே தண்ணீர் இணைப்போடு வரும் கட்டரால், ட்ரிப் சுவிட்ச் உள்ள லைனில் வெட்ட வேண்டும். சாதாரண கிரைண்டர்மேல் போத்தலால் தண்ணீர் ஊற்றுவது உயிரோடு விளையாடுவது.

மாஸ்க்கைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அது கடைசிக் காவல். முகத்தில் கட்டும் லேஞ்சியும், கொரோனா காலத்து நீல மாஸ்க்கும் நுண்பொடிக்கு நிற்காது. என்95 அல்லது அதற்குச் சமமானது, இரண்டு பட்டியும் தலைக்குப் பின்னால் போகும் வகை வேண்டும். கன்னத்தோடு ஒட்டாவிட்டால் பொடி ஓரத்தால் வரும். ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடி வளர்க்கும் பிள்ளைகளுக்கு அது ஒட்டவே ஒட்டாது. அந்த நாட்களில் அவர்களைச் சாண்டரிலிருந்து எடுத்து, மூட்டுப் போடும் வேலைக்கும் பூட்டுப் பொருத்தும் வேலைக்கும் விடுகிறேன்.

பட்டறையைக் கூட்டுவதற்கும் விளக்குமாறு வேண்டாம். படிந்த பொடியை அது திரும்பக் கிளப்பிவிடும். வேக்யூமால் இழுத்து, மிச்சத்தை ஈரத்துணியால் துடைக்கலாம். கம்ப்ரசரால் உடுப்பை ஊதுவதும் அதே கேடுதான். வேலை உடுப்பைப் பட்டறையிலேயே மாற்றிவிட்டுப் போனால், வீட்டுப் பிள்ளையின் பாயில் தூசி கொட்டாது. சேரும் தூளில் வெறும் மரத்தூளை அடுப்புக்குக் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். எம்.டி.எப். தூளையும், வார்னிஷ் அடித்த மரத்தின் தூளையும் கொடுக்கக்கூடாது. அந்தப் புகை சமையலறையில் நிற்கும் பெண்ணுக்குத்தான் போகும்.

ஒரு வேலையை மட்டும் நான் ஏற்பதில்லை: அஸ்பெஸ்டஸ் சீட்டைக் கிரைண்டரால் வெட்டுவது. வெட்டும்போது பறக்கும் நார் நெஞ்சுக்குள் தங்கி, இருபது முப்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. பழைய சீட்டைக் கழற்றச் சொன்னால், நன்றாக நனைத்து, நல்ல மாஸ்க் போட்டு, ஆணியைக் கையால் எடுத்து, உடைக்காமல் முழுசாக இறக்குவேன். வெட்டித்தான் ஆக வேண்டும் என்று நிற்பவர்களிடம் தகரச் சீட்டுக்கு மாறச் சொல்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள். அந்த ஆளையும் பார்த்து இதைச் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.