மே மாதத்து வாளித் தண்ணீர்

மில்லர்புரம், தூத்துக்குடி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய வரைபடமும் ஆறு பக்கக் குறிப்பும் திங்கட்கிழமை வந்து சேர்ந்தன. இரண்டு தெரு தள்ளி, வேப்பமரம் நிற்கிற மூலை வீட்டு முற்றம். வாசிக்கும்போதே இடம் கண்ணில் ஓடியது. மூன்றாம் பக்கம் வரை தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன். நான்காம் பக்கத்தில் ஒரு வரி: "மணற்பாங்கான நிலம் என்பதால் நீர் தானாக இறங்கிவிடும்." கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முக்குக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோதும் அந்த வரி அங்கேயேதான் இருந்தது.

பேர் எதுவும் சொல்லாமல் இதைப் பத்திரிகைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று நீயே சொல்லிவிட்டாய். அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

வாட்டம் எவ்வளவு, எந்த அளவு ஜல்லி என்றெல்லாம் உனக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. நீ கொத்தனார் வீட்டுப் பிள்ளை. சுவரிலிருந்து விலகி நாலடிக்கு ஓர் அங்குலம் என்று சரியாகவே போட்டிருக்கிறாய். என் சண்டை அந்த ஒரு வரியோடுதான். அதற்கு ஆதாரமாக ஒரு சோதனையும் எழுதியிருக்கிறாய்: ஒன்றரை அடிக் குழி, ஒரு வாளித் தண்ணீர், நான்கு நிமிடத்தில் காணவில்லை. தேதி மே 11. அக்கினி நட்சத்திரத்தில் நம் ஊர் மணலில் லாரித் தண்ணீரைக் கவிழ்த்தாலும்தான் காணாமல் போகும். பசியோடு வந்தவன் முதல் பந்தியில் தின்ற இட்லியை எண்ணி வைத்துக்கொண்டு, அவனையே ஐந்தாம் பந்தியிலும் உட்காரவைத்து அத்தனையும் தின்பான் என்று கணக்குப் போட்டிருக்கிறாய்.

மணலுக்கு வயிறு உண்டு. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வெற்றிடம். என் வீட்டு உறைகிணற்றில் சித்திரையில் பத்தடிக்குக் கீழே கிடக்கிற தண்ணீர், கார்த்திகை நடுவில் இரண்டரை அடிக்கு ஏறிவிடும். இரண்டரை அடி மணல் வாங்கிக்கொள்ளும் தண்ணீர் பத்து அங்குலம். அதுவும் முன்பே நனைந்து கிடக்கிற மணல், ஆகவே எட்டு என்றே வைத்துக்கொள். மொட்டை மாடித் தண்ணீரையும் குழாய் வைத்து அதே முற்றத்தில்தான் விடுகிறாய். மாடியும் முற்றமும் ஏறத்தாழ ஒரே அளவு. அப்படியென்றால் நான்கு அங்குல மழைக்கே நிலம் கழுத்துவரை நிறைந்துவிடும். நான்கு அங்குலம் என்றால் பத்து சென்டிமீட்டர். வருஷமெல்லாம் வானத்தைப் பார்க்க வைக்கிற நம் ஊர் மழை, வடகிழக்குப் பருவத்தில் வந்தால் அதை ஒரு ராத்திரியில் கொட்டிவிட்டுப் போகும்.

2023 டிசம்பர் 17, 18 உனக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நம் பக்கத்தில் ஒரு வருஷம் முழுக்கச் சேர்ந்தாலும் வழக்கமாக அவ்வளவு வராது. ஆயிரம் சதுர அடி முற்றம் ஒன்றின் மேல் அந்த மழை விழுந்தால் 88,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி ஏழு வந்து கொட்டியும் மிச்சம் இருக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வெள்ளத்தில் சிக்கி நின்றது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது எல்லாம் நாம் பார்த்ததுதான். அந்த மழைக்கு முற்றம் கட்டு என்று நான் சொல்லவில்லை. அதற்கு யார் கட்டினாலும் தாங்காது. சாதாரணக் கார்த்திகைக்காவது கட்டு என்கிறேன். நீ வரைந்திருப்பது மே மாதத்துக்கு.

இந்தத் தப்பின் குட்டிதான் உன் மழைநீர்க் குழி. மூன்றடி அகலம், பன்னிரண்டு அடி ஆழம், உள்ளே உறை இறக்கி ஜல்லி நிரப்பு என்று அழகாக வரைந்திருக்கிறாய். கார்த்திகையில் தண்ணீர் இரண்டரை அடியில் நிற்கும்போது, அந்தக் குழியில் ஒன்பதரை அடி ஏற்கெனவே நிறைந்திருக்கும். நிறைந்த குடத்தில் இன்னும் என்ன ஊற்றுவாய்? ஆழத்தைக் குறை, அகலத்தைக் கூட்டு. முற்றத்தின் ஓரம் முழுக்க இரண்டடி ஆழத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் போதும். சுவரை விட்டுப் பத்தடியாவது தள்ளி. ஜல்லிக்கும் மணலுக்கும் நடுவில் வடிகட்டும் துணியை மறக்காதே. துணி இல்லாத குழியில் இரண்டே மழையில் மணல் இறங்கி ஜல்லியின் இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அது குழி இல்லை, கல் புதைத்த இடம்.

2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது ஊரெல்லாம் ஒரே மாதிரிக் குழி தோண்டினோம். நானும் உன் அப்பாவும் அந்த ஒரு வருஷத்தில் தோண்டிய குழிகளை எண்ணவே முடியாது. கரிசல் காட்டுக்கும் அதே குழி, கடற்கரைக்கும் அதே குழி. அன்றைக்கு எங்களுக்கும் தெரியவில்லை. ஆகையால் உன்னைத் திட்டுகிறபோது பாதித் திட்டு எனக்கும் சேர்த்துத்தான்.

ஆழத்தைப் பற்றி நான் இத்தனை பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. சின்ன வயதில் ஆச்சி என்னைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போவாள். கடலில் முக்கி எடுத்த கையோடு நாழிக்கிணற்றுக்கு இறக்குவாள். உதட்டில் உப்பு காயுமுன்னே நல்ல தண்ணீர் தலையில் விழும். கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கும்போது இது எப்படி என்று கேட்டால், முருகன் வேலால் குத்தியது என்பாள். பிற்பாடு ஒரு வயசான கொத்தனார்தான் வேறு மாதிரி சொன்னார்: மழைத் தண்ணி லேசு, உப்புத் தண்ணி கனம், மணலுக்குள் ஒன்றன்மேல் ஒன்று மிதக்கிறது. புத்தகத்தில் அதற்குக் கணக்கே இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்குமாம். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பதடி ஏறும். போரைப் போட்டு ஆழத்தில் உறிஞ்சியவர்கள் வீட்டுக் குழாயில் உப்புத் தண்ணீர் ஏன் வருகிறது என்று இப்போது உனக்குப் புரியும். அந்த மேலடுக்கில்தான் உன் பன்னிரண்டடிக் குழி, மாடித் தூசியையும் காக்கை எச்சத்தையும் வடிகட்டாமல் நேராகக் கொண்டுபோய்க் கலக்கும். இரண்டடியில் விட்டால் மணல் வடிகட்டி அனுப்பும்.

அப்புறம் ஓதம். கடல் பொங்குவதற்கும் சுவர் நனைந்து கிடப்பதற்கும் நம் ஆட்கள் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள் பார். சுவரடியில் தண்ணீர் தேங்கினால் அது செங்கல்லில் ஏறும், கூடவே உப்பையும் கூட்டிக்கொண்டு ஏறும். தண்ணீர் காய்ந்து போகும், உப்பு போகாது. பூசுவேலை பொரிந்து உதிர்வது அதனால்தான். அதன் மேல் நீலப் பெயிண்ட் அடித்து மறைக்கிறவர்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்றைக்கு ரத்த அழுத்தம் சரியில்லை.

இரண்டாவது தப்பு. பேவர் பிளாக்குக்கு அடியில் நான்கு அங்குலம் கான்கிரீட் போடச் சொல்லியிருக்கிறாய். யார் சொல்லிக்கொடுத்தது? "உறுதிக்காக" என்று அடைப்புக்குறிக்குள் வேறு. உப்பளத்தில் பாத்தியை ஏன் மிதிக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். தண்ணீர் கீழே இறங்கக் கூடாது என்று. நீ கான்கிரீட்டால் பாத்தி மிதித்து, அதன் மேல் இடுக்கு விட்டுக் கல் அடுக்கச் சொல்கிறாய். இடுக்கில் இறங்கிய தண்ணீர் கான்கிரீட்டின் மேல் நிற்கும். கார் ஏறும்போது கல் அமுங்கும், இடுக்கு வழியே மணலைத் துப்பும். நாலு மாதத்தில் கல் ஆட்டம் போடும். "நீர் தானாக இறங்கிவிடும்" என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே இறங்கவிடாமல் மூடி போட்டால் எப்படி மக்கா?

கான்கிரீட்டைக் குறிப்பிலிருந்து அடித்துவிடு. ஆறு அங்குலம் சரளை போட்டு, நனைத்து நனைத்து இடி. மேலே ஒன்றரை அங்குலம் கிரஷர் சிப்ஸ். கார் நிற்கும் இடத்துக்கு 80 மில்லி கல், மற்ற இடத்துக்கு 60 போதும். உறுதி வேண்டுமென்றால் ஓரக்கல்லில் காட்டு. மணல் பூமியில் கல் கீழே போவதைவிடப் பக்கவாட்டில் நகர்வதுதான் அதிகம். ஓரத்தை இறுக்கிப் பிடித்தால் நடு தானாக நிற்கும்.

வாறுகாலுக்குப் போகிற குழாயைப் பற்றி ஒரே வார்த்தை. கார்த்திகையில் வாறுகாலே நிறைந்துதான் இருக்கும். இந்த ஊர்த் தண்ணீர் பக்கிள் ஓடை வழியாகத் திரேஸ்புரம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். அமாவாசைக்குக் கடல் ஏறி நிற்கிற அன்றைக்கு ஓடையும் தயங்கும். குழாய் வாயில் ஒரு மூடி வை, தண்ணீர் வெளியே போகவும் உள்ளே வராமலும். இல்லாவிட்டால் தெருத் தண்ணீருக்கு நீயே வாசல் திறந்து வைத்த மாதிரி.

என் பழைய அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலை நன்றாகப் பிடித்துக்கொண்ட காலம், எனக்குக் கொம்பு முளைத்திருந்தது. ஒரு வீட்டில் செங்கல் சம்ப் கட்டியிருந்தேன். மார்கழியில் வீட்டுக்காரர் சுத்தம் பண்ணக் கேட்டார். மோட்டார் போட்டு முழுக்க இறைக்கச் சொன்னேன். கடைசி வாளி எடுத்த பிறகு, உள்ளே நின்ற பையன் "அண்ணாச்சி, தரை விம்முது" என்றான். நான் சிரித்தேன். அரை மணி நேரத்தில் தளம் நடுவில் வெடித்து, கீழிருந்து மணலும் தண்ணீரும் குமிழியிட்டுப் பொங்கியது. வெளியே நிலத்துத் தண்ணீர் மூன்றடியில் நிற்கும்போது உள்ளே காலி செய்தால் அது கீழிருந்து முட்டும் என்பது எனக்கு அன்றைக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குத் தெரிந்தது. அந்தக் காலத்து ஆயிரத்து எண்ணூறு. உன் குறிப்பில் சம்ப்பைச் சுத்தம் செய்யும் மாதம் டிசம்பர் என்று இருக்கிறது. ஆனிக்கு மாற்று.

இனி, நான் எழுந்து நின்ற இடம். ஐந்தாம் பக்கம். முற்றத்தை இரண்டடி உயர்த்தித் தரும்படி வீட்டுக்காரர் கேட்டதையும், நீ மறுத்ததையும், பக்கத்து வீட்டு வாசல்படி எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதையும் வரைபடத்திலேயே குறித்திருக்கிறாய். நாற்பது வருஷத்தில் பக்கத்து வீட்டுப் படியை வரைபடத்தில் போட்ட ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. உன் அப்பா போட்டதில்லை, நான் போட்டதில்லை. இந்த ஊரில் ஒவ்வொருவரும் சரள் அடித்துத் தன் முற்றத்தை உயர்த்திக்கொண்டே போகிறோம், அடுத்தவன் பள்ளத்தில் போகிறான், அவன் மகன் இன்னும் ஓரடி உயர்த்துகிறான். ரோடும் அப்படித்தான். பழைய தார்மேல் புதுத் தார். மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அதிகாரிகளுக்கு எழுதினார். எங்கள் பழைய வீட்டுக்கு நாங்கள் மூன்று படி ஏறிப் போனோம். இன்றைக்கு அதே வீட்டுக்கு ஒரு படி இறங்கிப் போக வேண்டும். வீடு அசையவில்லை. நீ அந்த மறுப்பை எழுதிய பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். திருப்பித் தரமாட்டேன்.

வேம்பைச் சுற்றி ஆறடி வட்டம் விட்டதும் சரிதான். எட்டு விட்டிருக்கலாம்.

வேலையை மழைக்கு அப்புறம் ஆரம்பி. வீட்டுக்காரர் பொங்கலுக்குள் முடிக்கச் சொல்வார், சொல்லட்டும். கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்த மறுநாள் காலையில் வா. கடப்பாரை என்னிடம் இருக்கிறது. அதே இடத்தில் அதே ஒன்றரை அடிக் குழியைத் தோண்டி, அதே வாளியால் ஊற்றிப் பார்ப்போம். ஃபிளாஸ்க்கில் டீ கொண்டு வந்துவிடு, நிற்க நேரமாகும்.

மூன்றாம் பக்கத்து மதிப்பீட்டில் ஓரக்கல் 46 மீட்டர் என்று இருக்கிறது. வரைபடத்தில் கூட்டிப் பார்த்தேன், 64 வருகிறது. வீட்டுக்காரர் கையில் கொடுப்பதற்கு முன்னால் திருத்து.

உன் பெரியப்பா