முகம் மீட்ட கலை

திண்டுக்கல் நகருக்கு அடையாளமாய் விளங்குவது, திண்டு போன்ற பெரும்பாறையும் அதன்மேல் அமைந்த கோட்டையுமாகும். மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் இக்கோட்டையைக் கைப்பற்றினர். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கற் சீமை அவர்கட்கு உரியதாயிற்று. கோட்டைகள் கைம்மாறியதை வரலாறு விரித்துரைக்கும். போரில் உறுப்பிழந்த எளியோரை அது பெரும்பாலும் மறந்துவிடும். ஆயின், அப்போரில் துன்புற்ற ஒருவரை மருத்துவ உலகம் மறக்கவில்லை.

அவர் பெயர் கவாஸ்ஜி. மராட்டிய உழவர் குடியிற் பிறந்த அவர், ஆங்கிலப் படையில் வண்டிமாடு ஓட்டி வந்தார். மைசூர்ப் படையினரிடம் சிறைப்பட்டபோது அவருடைய மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டன. ஓராண்டுக்கு மேலாக மூக்கின்றி வாழ்ந்த அவருக்குப் புனாவுக்கு அருகில், செங்கல் அறுக்கும் குலத்தார் ஒருவர் புதிய மூக்கு அமைத்தார்.

அவர் கையாண்ட முறை வியப்புக்குரியது. மெழுகை மெல்லிய தகடாக்கி மூக்கின் வடிவிற் பொருத்தினார். பின் அதனைத் தட்டையாக்கி, நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடிட்டார். கோட்டின் வழியே தோலை உரித்தார்; ஆயின், இரு கண்களுக்கும் இடையே ஒரு சிறு கீற்றை அறுக்காது விட்டார். உரித்த தோலைக் கீழே திருப்பி, மூக்கிருந்த இடத்திற் பதித்தார். காசுக்கட்டியை நீரிற் குழைத்துத் துணியில் தடவி, அதன்மேல் ஒட்டினார். ஏறத்தாழ 25ஆம் நாளில்தான் அக்கீற்று அறுக்கப்பட்டது. அதுவரை அதன் வழியே குருதி ஓடிப் புதிய மூக்கை உயிருடன் காத்தது.

இச்செய்தி 1794இல் இலண்டன் இதழொன்றில் படத்துடன் வெளிவந்தது. கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814இல் அம்முறையை இலண்டனிற் செய்து வெற்றி கண்டார். 1816இல் அதனை நூலாகவும் வெளியிட்டார்.

மூக்குக்கும் கன்னத்துக்கும் அடித்தளமாய் நிற்பது மேல்தாடை எலும்பு. அது முறியும் மூன்று வழிகளை லெ ஃபோர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1901இல் ஆராய்ந்து உரைத்தார். இன்று, முறிந்த தாடையை டைட்டேனியத் தகடுகளால் இணைக்கின்றனர். எலும்பு பெரிதும் அழிந்துவிடின், முழங்காலுக்குக் கீழுள்ள சிற்றெலும்பின் ஒரு பகுதியை இரத்தக் குழாய்களோடு எடுத்து, அக்குழாய்களைக் கழுத்துக் குழாய்களுடன் தைத்துத் தாடை அமைக்கின்றனர். கருவிகள் மாறின, குருதியோட்டமின்றி உறுப்பு வாழாது என்னும் உண்மை மாறவில்லை.

அவ்வுண்மையைக் கைத்திறனால் உணர்ந்திருந்த தொழிலாளியின் பெயரை அவ்விதழ் குறிக்கவில்லை. பெயர் மறைந்தது, அவர் செய்த நன்மையோ மறையவில்லை.