தரகுக் கூலியும் அமானிதமும்
செல்போன் ஏஜெண்டுகளுக்கும் வாங்குவோருக்கும் ஒரு பாடம்

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் விளைகின்றன. பொழுது விடியுமுன் பறித்த பூ கீரமங்கலம் மார்க்கெட்டுக்கு வந்து சேருகிறது. கமிஷன் கடைக்காரர் விவசாயியின் பூவை எடைபோட்டு, வியாபாரிகளிடம் விற்றுக் கொடுத்து, தம் கூலியாக ஒரு பங்கை எடுத்துக் கொள்கிறார். ஆகவே தரகு என்பது இவ்வூராருக்குப் புதிய சங்கதியன்று.

இப்போது இன்னொரு தரகும் ஊருக்கு ஊர் வந்திருக்கிறது. கடைத்தெருவில் குடை விரித்து, மேசை போட்டு, செல்போன் கம்பெனிகளின் சிம் கார்டுகளையும் ரீசார்ஜ் திட்டங்களையும் விற்கும் வாலிபர்களைக் காண்கிறோம். இவர்களிற் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு சிம்முக்கு இவ்வளவு, ஒரு ரீசார்ஜுக்கு இவ்வளவு என்று கமிஷன்தான் கூலி.

அப்படிப்பட்ட ஒரு தம்பி மஃரிப் தொழுகைக்குப் பின் என்னருகில் வந்து உட்கார்ந்தார். "ஹஜ்ரத், நான் வாங்குற கமிஷன் ஹலாலா, ஹராமா? எங்க உம்மா ஒரு வாரமா என் காசைத் தொட மாட்டேங்குறாங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். தலையைக் குனிந்து கொண்டார். அந்தக் காரணத்தைப் பின்னர் சொல்லுகிறேன். முதலில் சட்டத்தைப் பார்ப்போம்.

தரகுக் கூலி கூடுமா?

கூடும். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் கூலி பற்றிய பாகத்தில் தரகர் கூலிக்கென ஒரு தலைப்பே வைத்திருக்கிறார்கள். இப்னு ஸீரீன், அதாஃ, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகிய பெரியார்கள் இதில் குற்றம் காணவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறார்கள்.

மதீனாவின் கடைவீதியில் வாணிபம் செய்தோர் 'தரகர்கள்' என்றே அழைக்கப்பட்டு வந்தனர். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை 'வணிகர்களே' என்னும் மேலான பெயரால் அழைத்தார்கள் என்று கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதே பேச்சில் ஒரு புத்திமதியும் சொன்னார்கள். வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமும் வந்து கலந்து விடுகின்றன. ஆகவே அதனோடு தர்மத்தையும் கலந்து கொள்ளுங்கள் என்பது அதன் கருத்து. தொழிலைக் கண்ணியப்படுத்திய அதே நாவு, அத்தொழிலின் நோய் நாவில்தான் பிறக்கிறது என்பதையும் காட்டிவிட்டது.

ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கு 'ஜுஆலா' என்னும் வழியுண்டு. இன்ன வேலையை முடித்தவருக்கு இன்ன கூலி என்று அறிவிப்பது ஜுஆலா. அரசரின் அளவுபாத்திரத்தைக் கொண்டு வருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று யூஸுஃப் (அலை) அவர்களின் சரிதையில் வருவதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஹனஃபி மத்ஹபின் பிற்கால உலமாக்களும் மக்களின் தேவையையும் வழக்கத்தையும் முன்னிட்டுத் தரகுக் கூலியை அனுமதித்திருக்கிறார்கள்.

ஆனால் கூலி எவ்வளவு என்பது தெளிவாயிருக்க வேண்டும். 'நிறைய விற்றுக் கொடு, பிறகு பார்த்துக் கொள்ளலாம்' என்பது பின்னர் சண்டையில் முடியும். ஆகவே கமிஷன் கணக்கை எழுத்தில் வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும்.

சிலர் இன்னொரு சந்தேகம் கேட்கிறார்கள். ரீசார்ஜ் கடைக்காரர் முன்பணம் கட்டும்போது, கட்டிய தொகையைவிடச் சிறிது கூடுதலாகக் கணக்கில் ஏறுகிறதே, இது வட்டியாகாதா என்று. அவர் பணம் கொடுத்துப் பணம் வாங்கவில்லை. செல்போன் சேவையை மொத்தமாக எடுத்துச் சில்லறையாகக் கொடுக்கிறார். கூடுதல் என்பது அந்த வேலைக்கான கூலி. எனவே இது வட்டியாகாது. ஆனால் முன்பணத்தைக் கடனாக வாங்கி, தவணை தப்பினால் மேற்பணம் கொடுப்பதென்று பேசிக் கொண்டால் அது வட்டியே.

ஏஜெண்டு யாருடைய ஆள்?

ஏஜெண்டு கம்பெனியின் வகீல். அதாவது அதன் பிரதிநிதி. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அதில் இரண்டு ஆடுகள் வாங்கினார். ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றார். ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டு வந்து ஒப்படைத்தார். இலாபத்தைத் தம் மடியில் முடிந்து கொள்ளவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக துஆச் செய்தார்கள்.

எனவே கம்பெனி விலை குறித்துக் கொடுத்திருக்க, அதற்குமேல் பத்து ரூபாய் சேர்த்து வாங்கிக் கொள்ள ஏஜெண்டுக்கு உரிமையில்லை. இலவசமாகக் கொடுக்கச் சொன்ன சிம்முக்கு விலை வாங்குவதும் அப்படியே.

உம்மா கேட்ட வார்த்தை

இனி, அந்தத் தம்பி தலைகுனிந்த காரணத்தைச் சொல்லுகிறேன்.

பூக்கட்டிப் பிழைக்கும் ஒரு மூதாட்டி அவருடைய மேசைக்கு வந்திருக்கிறார். கையில் பட்டன் போன். வெளிநாட்டிலிருக்கும் மகன் பேசுவான். மார்க்கெட்டில் பூ விலையை விசாரிக்க வேண்டும். இவ்வளவே அவருடைய தேவை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இப்பகுதித் தென்னைகளைச் சாய்த்தபோது, செல்போன் தொடர்பும் அற்றுப் பிள்ளைகளின் குரலைக் கேட்க மக்கள் தவித்ததை நாம் மறக்கவில்லை. அத்தகையோருக்குப் போன் ஆடம்பரமன்று.

"எனக்கு எது தோதோ அதைப் போட்டு விடு தம்பி" என்றாராம் மூதாட்டி. அந்த வாரம் இண்டர்நெட்டுடன் கூடிய ஒரு திட்டத்துக்குக் கமிஷன் கூடுதல். "இதுதான் ஆயா உங்களுக்கு நல்லது. மாசம் ஒரு தடவை போட்டாப் போதும்" என்று தம்பி போட்டுவிட்டார். சாமான் வாங்க வந்த உம்மா பின்னால் நின்று இதைக் கேட்டுக் கொண்டிருந்திருக்கிறார்கள்.

இதில் சொன்ன பொய் எது, மறைத்த உண்மை எது என்று பார்ப்போம்.

மாதம் என்றார். அத்திட்டத்துக்கோ 28 நாள்தான் ஆயுள். பன்னிரண்டு முறை போட்டால் 336 நாட்களே ஆகும். வருடத்தை ஓட்டப் பதின்மூன்று முறை போட வேண்டும். 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய 'டிராய்', ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் வைத்திருக்க வேண்டுமென உத்தரவிட்டது. அப்படியொன்று இருப்பதை அவர் சொல்லவில்லை.

மேலும் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டங்கள் வேண்டுமென்று 2024 டிசம்பரில் டிராய் கட்டளையிட்டது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் அவற்றை வெளியிட்டன. அவை நீண்ட நாள் திட்டங்களாக வந்ததால் ஒரே தடவையில் பெருந்தொகை கட்ட வேண்டியிருந்தது. அது மூதாட்டிக்கு முடியுமா முடியாதா என்பது அவர் முடிவு செய்ய வேண்டியது. இரண்டையும் முன்னால் வைத்துக் கேட்டிருக்க வேண்டாமா?

விலையைச் சொல்லி விற்பவன் விற்பனையாளன். ஆனால் 'எனக்கு எது நல்லது' என்று ஒருவர் கேட்டுவிட்டால், அக்கணமே அவன் ஆலோசகனாகி விடுகிறான். ஆலோசனை கேட்கப்பட்டவர் ஓர் அமானிதத்தைச் சுமந்தவராகிறார் என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது. கேட்டவர் எம்மதத்தவராயினும் அமானிதம் அமானிதமே. கம்பெனியிடம் கூலி வாங்குவது, கேட்டவருக்குத் துரோகம் செய்ய அனுமதிச் சீட்டாகாது.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, அடியில் ஈரத்தைக் கண்டு, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கண்டித்த ஹதீஸை நாம் அறிவோம். 28 நாள் என்பதும், தோட்டத்தில் டவர் எடுக்காது என்பதும் குவியலின் அடியிலுள்ள ஈரமே. விற்பனைப் பொருளின் குறையை, விற்பவரேயன்றி அதை அறிந்த மூன்றாமவரும் வாங்குபவருக்குத் தெரிவிப்பது கடமை என்று ஷாஃபிஈ உலமாக்கள் எழுதியிருக்கிறார்கள். 'நான் வெறும் ஏஜெண்டுதானே' என்று நழுவ இடமேயில்லை.

எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நடப்பில் இருக்கிறது. மாறிய பின் 90 நாட்களுக்குத் திரும்ப மாற முடியாது. கமிஷனுக்காக ஒருவரை மாறச் சொல்லுமுன் அவர் வீட்டில் டவர் கிடைக்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

கைரேகை ஓர் அமானிதம்

இவற்றைவிடக் கடுமையான ஒன்றுண்டு. "ரேகை சரியா விழலை, இன்னொரு தடவை வையுங்க" என்று சொல்லி, ஒருவர் பெயரில் இரண்டாவது சிம்மை எடுத்து வேறு கைக்கு விற்றுவிடும் கொடுமை நாட்டில் பல இடங்களில் நடந்திருக்கிறது. அந்த சிம் மோசடிக்காரர் கைக்குப் போனால், ஒன்றுமறியாத ஏழையின் வாசலில் போலீஸ் வந்து நிற்கும். இது பொய், திருட்டு, துரோகம் ஆகிய மூன்றும் சேர்ந்த பாவம்.

நாட்டுச் சட்டமும் இதில் கண்டிப்பானது. சிம் விற்போர் கம்பெனியில் பதிவு பெற்றிருக்க வேண்டுமென்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் அமலாயிற்று. மோசடி செய்தோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் கூறுகிறது. தம் பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்பதை அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் யாரும் பார்த்துக் கொள்ளலாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தவறு நடந்துவிட்டால்?

அடியார்களின் ஹக்கு வெறும் தவ்பாவினால் தீர்ந்து விடாது. உரியவரிடம் போக வேண்டும். உண்மையைச் சொல்ல வேண்டும். நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் அல்லது மன்னிப்புப் பெற வேண்டும். அவரைத் தேடியும் காண முடியாவிட்டால் அத்தொகையை அவருக்காக தர்மம் செய்துவிட வேண்டும். தம்பியிடம் இதையே சொன்னேன். "உண்மை சொல்லி விற்றதன் கமிஷன் ஹலால். மறைத்து விற்றதைச் சரி செய்யுங்கள்" என்றேன்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் வந்தார். நினைவில் நின்ற நான்கு பேரைத் தேடிப் போனாராம். ஒருவர் திட்டினாராம், இருவர் சிரித்து விட்டுவிட்டார்களாம். மூதாட்டி மட்டும், "அப்போ பேச மட்டும் உள்ளதைப் போடு. காசு சேர்த்துத் தர்றேன்" என்றாராம். "உம்மா?" என்று கேட்டேன். "இன்னும் ஒண்ணும் சொல்லலை ஹஜ்ரத். ஆனா நேத்து என் காசுலதான் மீன் வாங்குனாங்க" என்றார்.

நினைவிற் கொள்க

1. கூலி தெரிந்த தரகு ஹலால்.
2. குறித்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது.
3. எத்தனை நாள், என்னென்ன உண்டு, டவர் கிடைக்குமா என்ற மூன்றையும் கேட்காமலே சொல்ல வேண்டும்.
4. 'எது நல்லது' என்று கேட்டவருக்கு, நம் உம்மாவுக்குச் சொல்வதையே சொல்ல வேண்டும்.
5. ஒருவர் ரேகை ஒரே வேலைக்குத்தான்.
6. வாங்குவோரும் நாட்களை எண்ணிக் கேட்டு வாங்க வேண்டும். ரேகையை இரண்டாந்தரம் கேட்டால் காரணம் கேட்க வேண்டும்.

அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கையும் அதில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.