எந்த நிலத்தில் எந்தப் பயிர்?

கலவை வட்டாரச் சிறு விவசாயி ஒருவருக்கு ஏரிப் பாசனக் கழனி, கிணற்றுப் பாசன நிலம், மானாவாரிக் கொல்லை என மூன்று இடங்களில் ஒவ்வோர் ஏக்கர் உண்டு என்று வைத்துக் கொள்வோம். வீட்டுக்கு நெல்லும் கேழ்வரகும் தேவை; பணத்துக்கு மணிலா. ஒவ்வொன்றும் ஓர் ஏக்கர் போட வேண்டும். எதை எங்கே போடுவது?

செலவு போக நிற்கும் வருமானம், உதாரணமாக (ஆயிரம் ரூபாயில்):

ஏரிக் கழனி: நெல் 18, மணிலா 10, கேழ்வரகு 9
கிணற்று நிலம்: நெல் 20, மணிலா 24, கேழ்வரகு 16
கொல்லை: நெல் 4, மணிலா 20, கேழ்வரகு 8

24 பெரிதென்று மணிலாவைக் கிணற்று நிலத்தில் போட்டால், நெல் ஏரிக் கழனிக்கும் கேழ்வரகு கொல்லைக்கும் போகும். மொத்தம் 50. மணிலாவையும் கேழ்வரகையும் இடம் மாற்றினால் மொத்தம் 54! காரணம், கிணற்றுத் தண்ணீர் இல்லாவிட்டால் மணிலாவில் குறைவது 4. கேழ்வரகில் குறைவதோ 8. ஆகவே, அதிக வருமானம் எது என்று மட்டும் பாராமல், இடம் மாறினால் எதில் எவ்வளவு குறையும் என்றும் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒதுக்கீட்டுக் கணக்கு என்று பெயர். 3 நிலம், 3 பயிர் என்றால் 6 வழிகளே. 10 நிலம், 10 பயிர் என்றால் 36,28,800 வழிகள்! இதற்கான சுருக்கு வழியை அமெரிக்கக் கணித அறிஞர் ஹரால்டு கூன் 1955-இல் வெளியிட்டார். ஹங்கேரி நாட்டு அறிஞர்கள் கோனிக், எகர்வாரி ஆகியோரின் ஆய்வை ஒட்டியதால், அதற்கு 'ஹங்கேரிய முறை' என்று பெயரிட்டார்.

விதைக்கும் முன் உங்கள் சொந்த வரவு செலவை நோட்டில் எழுதி, ஆறு வழிகளையும் கூட்டிப் பாருங்கள். ஏரி நிரம்பாத ஆண்டில் நெல்லின் தொகையைக் குறைத்து, மீண்டும் கணக்கிடுவது அவசியம்.