காப்பியின் தரமும் நம் அண்ணமும்

ஏற்காடு, கீழ்ப்பழனி மலைப் பகுதிகளில் இரண்டு, மூன்று ஏக்கரில் காப்பி பயிரிடும் உழவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "உங்கள் தோட்டத்துக் காப்பியை நீங்கள் குடித்ததுண்டா?" பெரும்பாலோர் சிரித்துவிடுவர். வீட்டில் குடிப்பது கடையில் வாங்கிய சிக்கரி கலந்த தூள். அதிலும் பாலும் சர்க்கரையும் சேரும். ஆனால் வாங்க வருபவர் "மண் வாடை அடிக்கிறது" என்று விலையைக் குறைக்கும்போது, ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல நமக்கு வாய் இல்லை. அந்த வாயைப் பழக்க முடியும்.

நாக்கு மட்டுமே சுவை அறிகிறது என்று எண்ணுகிறோம். மேல்வாயாகிய அண்ணத்தின் முன்பகுதி எலும்பாலானது. பின்பகுதி மெத்தென்ற தசை. அந்தப் பின்பகுதியிலும் சுவை மொட்டுகள் உள்ளன. அதைவிட முக்கியம், அண்ணத்தின் பின்னால் வாயையும் மூக்கையும் இணைக்கும் வழி இருப்பதே. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் கடுங்காப்பி பருகிப் பாருங்கள். கசப்பும் புளிப்பும் மட்டுமே தெரியும். விரலை எடுத்து மூச்சை விட்டதும் காப்பியின் மணம் வந்து சேரும். சளி பிடித்தவர் காப்பியைத் தரம் பார்க்கலாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

முதல் நாள் மாலை பருப்பை ஒரே சீராகப் பழுப்பு நிறம் வரும்வரை வறுத்து, மறுநாள் காலை கொரகொரப்பாக அரைக்க வேண்டும். சுமார் 8 கிராம் தூளில், கொதித்துச் சற்றே அடங்கிய வெந்நீர் 150 மில்லி ஊற்றுக. 4 நிமிடம் கழித்து, மேலே மிதக்கும் ஏட்டைக் கரண்டியால் விலக்கி முகர்ந்து பாருங்கள். பிறகு கரண்டியில் எடுத்து, 'சுர்' என்று ஓசை வரும்படி உறிஞ்ச வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் காப்பி சிதறி அண்ணம் முழுதும் படிய வேறு வழி இல்லை. ஆறிய பின் மீண்டும் பாருங்கள். சூட்டில் மறைந்திருந்த குற்றம் அப்போது வெளிப்படும். வெற்றிலை, பீடி, காரம் ஆகியவற்றுக்குப் பின் இச்சோதனை வேண்டாம்.

வாய் உலர்ந்து நெல்லிக்காய் கடித்தது போல் துவர்த்தால், காய்களும் பழங்களோடு பறிக்கப்பட்டிருக்கலாம். அழுகிய பழ வாடையும் கெட்ட புளிப்பும் இருந்தால், நொதித்தல் தொட்டியில் அளவுக்கு மீறிக் கிடந்திருக்கிறது. கொட்டையைக் கையில் தேய்த்தால் வழுவழுப்பு நீங்கி, கூழாங்கல் போல் சரசரக்க வேண்டும். அதுவே கழுவ வேண்டிய நேரம். கடிகாரத்தை நம்பக் கூடாது. குளிரில் நொதித்தல் தாமதிக்கும், வெப்பத்தில் விரையும். மண் வாடை, வெறுந்தரையில் உலர்த்தியதன் விளைவு. உர மூட்டை, மண்ணெண்ணெய் அருகில் அடுக்கினால் அந்த வாடையையும் பருப்பு இழுத்துக்கொள்ளும்.

உங்கள் அண்ணம் பழகிவிட்டதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. களத்தில் உலர்ந்த காப்பி இரண்டு கோப்பை, தரையில் உலர்ந்தது ஒரு கோப்பை என வீட்டாரை மறைவில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை இதையே மாற்றியும் ஊற்றலாம். மாறுபட்ட கோப்பையை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும். ஆகவே 6 முறை செய்து, 5 முறையாவது சரியாகச் சொன்னால்தான் தேர்ச்சி எனக் கொள்க. விற்கும் ஒவ்வொரு குவியலிலிருந்தும் கால் கிலோ மாதிரியைக் காற்றுப் புகாத டப்பாவில் தேதி எழுதி வைத்திருங்கள். வாங்குபவர் குறை சொன்னால், அவர் எதிரிலேயே வறுத்து ஊற்றிப் பார்க்கலாம்.