கதிர்காமத்துக்கு நடக்கப்போகும் மருமகளுக்கு

முருகன் துணை

தூத்துக்குடி
மாசி மாதம்

அன்புள்ள மருமகளுக்கு அத்தை எழுதுவது.

நீயும் உன் தோழியும் இந்த வருடம் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறீர்கள் என்று உன் அப்பா போனில் சொன்னான். ஒவ்வொரு ராத்திரிக்கும் எந்த ஊரில் எந்த லாட்ஜ் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறாயாம். அது வேண்டாம், தாயி. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மட்டும் அறை பிடி. நடுவில் உள்ள ராத்திரிகளைக் கூட நடக்கிறவர்களிடம் விட்டுவிடு.

அந்த நடை யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் கிளம்பும். வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோடு இறங்கி உகந்தை மலை முருகனிடம் வரும். அங்கிருந்து குமண, யால காடுகளைக் கடந்தால் கதிர்காமம். மொத்தம் ஏறக்குறைய ஒன்றரை மாதம். இலங்கைச் சுற்றுலா விசாவோ முதலில் 30 நாளுக்குத்தான் கிடைக்கும். அதனால் முதல் தடவை மட்டக்களப்பில் பாதயாத்திரைக் குழுவோடு சேர்ந்துகொள். முழு நடையும் நடந்தே தீர வேண்டும் என்றால், விசாவை நீட்டிக்கும் வேலையை முதலிலேயே பார்த்துவிடு.

டிக்கெட் எடுக்கும் முன் கொடியேற்ற நாளை விசாரி. ஆடித் திருவிழா என்று பேர் இருந்தாலும் சில வருடம் ஜூன் கடைசியிலேயே கொடி ஏறிவிடும். காட்டுப் பாதையையும் அதை ஒட்டித்தான் இரண்டு வாரம் போலத் திறந்துவிடுவார்கள். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எந்த வாரம் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

முன்பெல்லாம் நம் துறைமுகத்தில் ராத்திரி கப்பல் ஏறினால் காலையில் கொழும்பு. 2011-இல் அந்தக் கப்பலைத் திரும்ப விட்டார்கள், சில மாதத்திலேயே நின்றுபோனது. இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் உண்டு, ஆனால் கடல் கொந்தளித்தால் ஓடாது. எந்த வழியில் போனாலும் குழு வருவதற்கு ஒரு நாள் முன்னதாக மட்டக்களப்பில் இரு. முதல் அறை அங்கே. இரண்டாவது அறை கதிர்காமத்தில். திருவிழாவுக்குத் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் வந்து குவிவார்கள், கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. அங்கே கிடைக்கவில்லையென்றால் பக்கத்தில் திஸ்ஸமகாராமையில் பார்த்துவை.

நடுவில் கோயில் மண்டபமும் மடமும்தான் தங்குமிடம். பாய், போர்வை, கொசுவலை, டார்ச் எடுத்துக்கொள். கிணற்றடியில் குளிக்க வேண்டியிருக்கும், அதற்கு ஏற்ற மாற்றுத் துணி வை. வயதான அம்மாமார் நிறையப் பேர் நடப்பார்கள், அவர்களுக்கு நடுவில் பாயை விரி. விடியுமுன் எழுப்பிவிடுவார்கள், வெயில் ஏறுமுன் நடந்தால்தான் பிழைத்தோம். காலில் கொப்புளம் வந்து ஒரு நாள் பின்தங்க வேண்டியிருந்தால் எந்தக் கோயிலில் தங்கலாம் என்று குழுவில் வேல் தாங்கி வருகிறவரிடம் கேள். நீயாக ஒதுங்கி எங்கேயும் தங்காதே.

உகந்தைக்கு அப்பால் மண்டபமும் மடமும் கிடையாது. பெயரைப் பதிந்துகொண்டுதான் காட்டுக்குள் விடுவார்கள். நாலைந்து நாள் நடை. தண்ணீர் இருக்கும் இடம்தான் அங்கே தங்குமிடம். அதே தண்ணீருக்கு யானையும் கரடியும் வரும். அதனால் கரையை ஒட்டிப் படுக்காதே, இருட்டிய பிறகு தனியே போகாதே. கூடாரம் கொண்டுபோனாலும் கூட்டத்துக்குள்ளேயே அடி. கும்புக்கன் ஆற்றைத் தாண்டும்போதும் சேர்ந்தே இறங்குங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வழியில் ஊர் ஊராகச் சோறு போடுவார்கள். அந்தக் கரை நீண்ட போரையும் பார்த்தது, 2004 சுனாமியையும் பார்த்தது. அப்படியும் நடந்து வருகிறவருக்கு இலை போடுவதை அவர்கள் விடவில்லை. திருச்செந்தூருக்கு நடக்கிறவர்களுக்கு நம் வாசலில் மோர் ஊற்றுகிறோமே, அங்கே மோர் வாங்கும் இடத்தில் நீ நிற்பாய். காசை நீட்டினால் சில வீட்டில் மனம் வருந்துவார்கள். காய் நறுக்கு, பாத்திரம் தேய், மண்டபத்தைக் கூட்டிவிட்டுக் கிளம்பு. அன்னதான உண்டியலில் லாட்ஜுக்கு ஒதுக்கிய பணத்தைப் போடு. அறை பிடித்துப் பிடித்து நடந்தால் இந்த மனிதர்களைப் பார்க்காமலேயே கதிர்காமம் போய்ச் சேர்ந்துவிடுவாய். உன் பட்டியலை வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கொடியேற்ற நாள் தெரிந்ததும் எனக்குச் சொல். கிளம்புவதற்கு ஒரு மாதம் முந்தியே தினமும் காலையில் நடக்கத் தொடங்கு, புதுச் செருப்போடு கிளம்பாதே. காட்டு நடைக்கு அவலும் உடன்குடிக் கருப்பட்டியும் நான் கட்டித் தருகிறேன்.

அன்புடன்
உன் அத்தை